அப்புறம் மேடம்

எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் சந்தித்துப் பேசி, பேச ஒன்றும் மிச்சமில்லாமல் போய், ஆனாலும் பிரிய மனமில்லை என்றால் ஒருவர் "அப்புறம்?" என்பார். மற்றவர் "அப்புறம் நீங்கதான் சொல்லணும்" என்பார். இதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பஸ் வரும்வரை வாய் சும்மா இருக்க வேண்டாம் என்பதற்காக ஏற்பட்ட சொல் அது. அதை நிஜமான கேள்வியாகக் கேட்டு, நிஜமான பதிலுக்குக் காத்திருந்த ஒரே மனுஷியை நான் என் முதல் வேலையில்தான் பார்த்தேன்.

திருச்சியில் பாதிரியார்கள் நடத்திய ஒரு ஆஸ்பத்திரி. அதன் கணக்குப் பிரிவுக்கு அவர் தலைவி. பாலக்கரைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, வெயிலானாலும் மழையானாலும் கையில் கறுப்புக் குடை. எதிரில் "மேடம்" என்போம். முதுகுக்குப் பின்னால் "அப்புறம் மேடம்". அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். பெயர் வைத்துக்கொண்டால் செலவு ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

நான் சேர்ந்த புதிதில், எழுபதுகளின் கடைசியில், பெரிய கடைவீதி வியாபாரி ஒருவர் ஆஸ்பத்திரிக்கு ஒரு வேன் கொடுக்க வந்தார். புது வேன். நர்சுகள் எல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். ஃபாதர், அதாவது ஆஸ்பத்திரி நிர்வாகியாக இருந்த பாதிரியார், மேடத்தைக் கூப்பிட்டு நன்றி சொல்லச் சொன்னார். மேடம் கைகூப்பி, "ரொம்ப சந்தோஷங்க. அப்புறம்?" என்றார்.

வியாபாரி அதை நம்மூர் அப்புறம் என்று எடுத்துக்கொண்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "அப்புறம் என்னங்க, பெரியவனுக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டிருக்கோம். லால்குடில ஒரு இடம் வந்திருக்கு" என்றார்.

"நல்லதுங்க. நான் வண்டியைக் கேட்டேன். டிரைவர் சம்பளம், பெட்ரோல், டயர் எல்லாம் யாருங்க?"

அந்த மனிதர் முகம் சுண்டிவிட்டது. வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபாதர் ஒரு வாரம் மேடத்தோடு பேசவில்லை. தானம் கொடுக்கிற மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் என்று ஆஸ்பத்திரி முழுக்க அவரைத் திட்டியது. நானும்தான் திட்டினேன். பிரசவ வலி வந்தவர்களைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் வைத்து அழைத்து வந்துகொண்டிருந்த காலம் அது. வியாபாரி கொஞ்ச நாள் கழித்து டிரைவரோடும் பெட்ரோலோடும் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம். வராமலே போயிருந்தால்? அந்த யோசனை மேடத்துக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

வீட்டிலும் இப்படித்தான். ஊரெல்லாம் டிவி வாங்கிக்கொண்டிருந்தபோது தம்பி பிள்ளைகள் கெஞ்சியிருக்கின்றன. "டிவி வாங்கலாம். அப்புறம் மாடியில ஆன்டெனா. அப்புறம் ஞாயித்துக்கிழமை படம் பார்க்கத் தெருவே வரும். வர்றவங்களுக்குக் காபி யாரு போடறது, உங்கம்மாவா?" என்று கேட்டாராம். இதை அவரே என்னிடம் சொன்னார், சிரிக்காமல். டிவி வரவில்லை. பிள்ளைகள் அடுத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அவர்கள் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்தன.

என் வேலை கார்டு ரூமில். வந்து போகிற ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. அதில் அவர் உடம்பின் கதை முழுக்க இருக்கும். பெயர் வரிசைப்படி மர அலமாரிகளில் அடுக்கி வைத்திருப்போம். எங்கள் ஊரில் பெயர் வரிசை என்பது சாமி செய்த சதி. ஸ்ரீரங்கத்தில் கல்லை எறிந்தால் ஒரு ரெங்கராஜன் மேல் விழும், தப்பினால் ஒரு ரெங்கநாயகி மேல். திருவானைக்காவல் என்றால் அகிலாண்டம். பாலக்கரை என்றால் ஆரோக்கியமேரி. ஒருவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால் அட்டையின் தலையில் சிவப்பு மசியில் எழுதுவோம். சிவப்பு அட்டை என்று அதற்குப் பெயர்.

என் அம்மாவும் ஒரு ரெங்கநாயகிதான். சிவப்பு அட்டைக்காரி. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காலில் முள் குத்திச் சீழ் வைத்து, அதே ஆஸ்பத்திரியில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். போட்ட சூட்டில் முகம் வீங்கி மூச்சு நின்றுவிட்டது. டாக்டர்கள் போராடித் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்னொரு தரம் அந்த ஊசி போட்டால் பிழைக்க மாட்டார் என்று அப்பாவிடம் சொல்லித்தான் அனுப்பினார்கள். அப்பா தலையாட்டிவிட்டு வந்து மறந்துவிட்டார். எங்கள் வீட்டில் மருந்து, மளிகை, பால் கணக்கு எல்லாம் அம்மா இலாகா. அம்மாவுக்கு நினைவிருந்தால் போதும் என்று நாங்கள் எல்லோருமே இருந்துவிட்டோம்.

எண்பதுகளின் நடுவில் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றார்கள். வெளிநாட்டு அன்பர்கள் சிலர் மெஷினுக்கான விலையைக் கொடுக்கிறார்கள். கார்டுகளெல்லாம் இனிமேல் மெஷினுக்குள். எங்கள் ரூமைக் காலி செய்து, குளிர்சாதனம் வைத்து, மெஷினை அங்கே வைப்பார்கள். பழைய கார்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவார்கள்.

மெட்ராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். கூட்டம் போட்டார்கள். கார்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல என்னையும் ஓரமாக உட்கார வைத்தார்கள்.

"சும்மா வருது மேடம். நம்ம கையை விட்டு ஒரு பைசா போகப்போறதில்ல" என்றார் ஃபாதர். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"சும்மா வருது, சரி ஃபாதர். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல மேடம். ஸ்விட்சைப் போட்டா வேலை செய்யும்" என்றார் இன்ஜினியர். ஊருக்குப் புதுசு.

மேடம் ஆரம்பித்தார். குளிர்சாதனத்துக்குக் கரண்ட் பில். வோல்டேஜ் ஏறி இறங்கினால் மெஷின் தாங்குமா, தாங்க என்ன வாங்க வேண்டும். மெஷின் படுத்தால் மெட்ராஸிலிருந்து ஆள் வர ரயில் செலவு யாருடையது. அச்சடிக்கிற பேப்பர், மசி ரிப்பன். "ஒரு பொண்ணுக்கு இதையெல்லாம் கத்துக் கொடுப்பீங்க. அவ கல்யாணம் ஆகிப் பம்பாய் போயிட்டா, அப்புறம்?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பம்பாய் மாப்பிள்ளை நிச்சயமாகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ரெங்கராஜன்னு அடிச்சா ரங்கராஜன் வருவாரா?" என்று கேட்டார் அடுத்தபடி.

"வர மாட்டார் மேடம். ஒரு எழுத்து மாறினாலும் மெஷினுக்கு அது வேற ஆள்."

"இங்க ஒரே ஆளு நாலு விதமா எழுதுவாரு. வீட்டுல கூப்பிடற பேர் ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. வலியில வர்றவங்க வீட்டுப் பேரைத்தான் சொல்லுவாங்க. அதுக்கும் ஒரு இடம் வேணும்."

இன்ஜினியர் சிரித்தார். "பெட் நேமுக்கெல்லாமா? அதுக்குப் புரோகிராமை மாத்தணும். தனி சார்ஜ் ஆகும் மேடம்."

"ஆகட்டும். எவ்வளவுன்னு சொல்லுங்க. அப்புறம், பழைய கார்டை யாரு உள்ளே ஏத்தறது?"

புதிதாக வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போனால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்" என்றார் ஃபாதர்.

ஒரே சொல்தான். ஃபாதர் அதைக் கதவைச் சாத்தப் பயன்படுத்தினார். மேடம் திறக்கப் பயன்படுத்தினார். அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. கல்யாணப் பேச்சை நடுக்கூட்டத்தில் இழுத்த கோபம்தான் இருந்தது.

"உங்களுக்கு மெஷினே பிடிக்கலை" என்றார் ஃபாதர்.

"யாரு சொன்னது? எல்லாரையும் விட எனக்குத்தான் மெஷின் வேணும். கார்டு கிடைக்காம எத்தனை பேர் நின்னிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். மெஷினை மட்டும் வாங்காதீங்கன்னுதான் சொல்றேன். சிவப்பு அட்டை எல்லாம் உள்ளே ஏறினப்புறம் ரிப்பன் வெட்டுங்க. இல்லேன்னா குளிர்சாதனம் வாங்கற செக்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அட்டைகளைத் தட்டச்சு செய்ய மாதக்கணக்கில் ஆள் வேண்டும். சம்பளத்துக்கு எங்கே போவது என்று ஃபாதர் கேட்டார். கேட்காமல் இருந்திருக்கலாம். மேடம் அதையும் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார். திறப்பு விழா விருந்து கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரிப் பெண்களுக்கெல்லாம் வருஷா வருஷம் கொடுக்கும் புடவையும் அந்த வருஷம் கிடையாது.

அடேயப்பா, அன்றைக்கு எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே! பிறந்த குழந்தைகள் வார்டுவரை கேட்டிருக்கும். என்னோடு கார்டு ரூமில் இருந்த ஸ்டெல்லா மேஜையில் அடித்துக்கொண்டு கத்தினாள். "புடவை கொடுத்தா அப்புறம் அதைத் துவைக்கணும், அப்புறம் இஸ்திரி போடணும்னு அந்தம்மா கணக்குப் போட்டிருக்கும்டி!" சிரித்தோம். ஆனால் ஆயாக்களுக்கு அந்தப் புடவைதான் வருஷத்தின் ஒரே புதுப் புடவை. சாப்பாட்டு நேரத்தில் மேடம் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் போய் உட்காரவில்லை. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து, தனியாகச் சாப்பிட்டு, கழுவிக்கொண்டு போனார். ஏதாவது சமாதானமாகச் சொல்லியிருக்கலாம். இப்போது நினைத்தாலும் அந்த ஆயாக்கள் விஷயத்தில் எனக்கு அவர் மேல் கோபம்தான்.

மற்ற அட்டைகளுக்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டு, சிவப்பு அட்டைகளை மெஷினில் ஏற்றும் வேலையை எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கொடுத்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குளிரில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு அடிப்போம். அம்மாவின் அட்டை என் கையில்தான் வந்தது. பெயர் ரெங்கநாயகி. தெரு கீழச்சித்திரை வீதி. பெனிசிலின் கூடாது. வீட்டுப் பெயர் என்று மேடம் தனிக் காசு கொடுத்து வாங்கிய இடத்தில் 'பட்டு' என்று அடித்தேன். அப்பா அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். அடிக்கும்போது கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

கரண்ட் போனால் மெஷின் இருட்டு. அதற்கும் மேடம் வழி வைத்திருந்தார். மாதா மாதம் முதல் தேதி சிவப்புப் பெயர்களை மட்டும், வீட்டுப் பெயரும் தெருவும் சேர்த்து, வரிசையாக அச்சடித்து அவசரப் பிரிவின் சுவரில் மாட்ட வேண்டும். பழையதைக் கிழித்துவிட்டுப் புதியது. அந்த அச்சு மெஷின் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி கத்தும். முதல் பட்டியலை மேடம் வந்து கையில் வாங்கிப் பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றோம். "அடுத்த மாசத்துக்கு ரிப்பன் இருக்கா?" என்றார்.

அந்தத் தை மாதம் எனக்குக் கல்யாணம். மேடம் குடையோடு வந்தார். எல்லோரும் வெள்ளிக் குங்குமச்சிமிழும் எவர்சில்வர் குடமும் கொடுக்க, இவர் ஒரு கவரை என் கையில் வைத்து அழுத்தினார். "இது பம்பாயிலேர்ந்து திருச்சிக்கு டிக்கெட் காசு. போறதுக்கு அவங்க பார்த்துப்பாங்க. திரும்பி வர்றதுக்கு யார்கிட்டயும் கேட்டு நிக்காதே. இதைச் செலவு பண்ணிடாதே" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆத்திரம் பொங்கியது. "நன்னாருக்குடி! தாலி கட்டி நாழி ஆகலை, திரும்பி வர டிக்கெட்டா? என்ன அபசகுனம் இது! பெருமாளே, இப்படியும் ஒரு பொம்மனாட்டியா?" என்று கவரைப் பிடுங்கப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியாது. பம்பாயில் அரிசி டப்பாவுக்கு அடியில் அது கிடந்தது. இரண்டு தரம் அதில் கை வைக்கப் பார்த்து வைத்துவிட்டேன்.

நான் பம்பாய் போய்ச் சில வருஷத்தில் மேடம் ஓய்வு பெற்றுவிட்டார் என்று ஸ்டெல்லா எழுதினாள். அவளுக்கும் கல்யாணமாகி மதுரை போய்விட்டாள். அதற்கப்புறம் ஒரு நாள் தந்தி வந்தது. அம்மாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு. கணவர் டூரில் இருந்தார். கவரை எடுத்துக்கொண்டு தனியாக ரயில் ஏறினேன். வழியெல்லாம் அழுதுகொண்டுதான் வந்தேன்.

அம்மா உயிரோடு இருந்தார். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததை அவசரப் பிரிவு நர்ஸ் சொன்னார். கடும் ஜுரம், நெஞ்சில் சளி கட்டி, நினைவு தப்பிய நிலையில் அப்பா கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். கரண்ட் இல்லை. டாக்டர் ஊருக்குப் புது ஆள். பெயரும் தெருவும் கேட்டதற்கு அப்பா, "கீழச்சித்திரை வீதி, பட்டு, பட்டு" என்று அழுதிருக்கிறார். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்றதற்கு, "நேக்கு என்ன தெரியும்? அவளுக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று அம்மாவையே காட்டியிருக்கிறார். பெனிசிலின் ஊசியில் மருந்தை ஏற்றியாகிவிட்டது. நர்ஸ் பழைய பழக்கத்தில் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் அடித்துப் பட்டியலைப் பார்த்திருக்கிறார். பட்டு, கீழச்சித்திரை வீதி. டாக்டரின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்.

அந்தப் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். கைகூப்பினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் விரல் அடித்த அந்தப் பெயரைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். தாள் மஞ்சளடித்து, ஓரம் சுருண்டு, ஈ எச்சத்தோடு இருந்தது. அடியில் தேதி இருந்தது. மேடம் ஓய்வு பெற்ற மாதம். அதற்கப்புறம் ஒன்றுமே அச்சடிக்கவில்லை. ஏன் என்று நர்ஸைக் கேட்டேன். "ரிப்பனுக்கு சாங்ஷன் இல்லைம்மா. மெஷினே பாதி நாள் துணி போட்டு மூடித்தான் இருக்கு. இதைக் கிழிக்க யாருக்கும் ஞாபகம் இல்ல, அதனால இருக்கு" என்றார்.

மறுநாள் பாலக்கரைக்குப் போனேன். மேடம் மெலிந்திருந்தார். குடை கதவுக்குப் பின்னால் தொங்கியது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பட்டு பட்டு என்றது, டார்ச், டாக்டர் கை, ரயில் காசு, எல்லாம். "எங்கம்மா உயிர் உங்களாலதான் மேடம்" என்று காலில் விழப் போனேன். பிடித்து உட்கார வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன்.

"லிஸ்ட்ல தேதி என்ன போட்டிருந்துச்சு?" என்றார்.

அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். சொன்னேன். அவர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

"எங்கம்மா பேர் இருந்துதே மேடம். அது போதாதா?"

"உங்கம்மா பேர் இருந்துச்சு" என்றார். "அதுக்கு அப்புறம் வந்தவங்க?"

தம்பி மனைவி காபி கொண்டுவந்தார். குடித்தோம். வாசல்வரை வந்து, அரிசி டப்பாவுக்கு அடியில் மறுபடி பணம் வைத்துவிடச் சொல்லி அனுப்பினார். அடுத்த வருஷம் அவர் காலமானதாக எனக்குக் கடிதம் வந்தது. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபாதர் அறையில் இருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "அடடே, நம்ம கார்டு ரூம் பொண்ணு! வாம்மா, உட்காரு. அம்மா தேறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றார். பம்பாய் வெயிலைக் கேட்டார், வீட்டுக்காரரைக் கேட்டார். காபிக்குச் சொன்னார். பிறகு பேச ஒன்றும் இல்லாமல், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, சிரித்த முகமாக என்னைப் பார்த்தார்.

"அப்புறம்?" என்றார்.

நான் சொல்ல ஆரம்பித்தேன்.